ஒரு நாவலும் ஒரு திரைப்படமும் ஒரு நாடக இசையும்

பிறர்க்கு ஒரு நூலைப் பரிந்துரைப்பவர் இருவகைப் பொறுப்பினை மேற்கொள்கின்றனர். அந்நூல் தமக்கு இன்பம் பயந்தது என்று கூறுதல் ஒன்று. அவ்வின்பம் தம்மளவில் நில்லாது பிறர்க்கும் உரியதாகும் என நிறுவுதல் மற்றொன்று. முன்னையது சுவை, பின்னையது திறனாய்வு. சுவை மட்டுமே உளதாயின் அது திண்ணைப் பேச்சாய் முடியும். திறனாய்வு மட்டுமே உளதாயின் அது தேர்வுத்தாளுக்கு எழுதிய விடையாய் முடியும். இரண்டும் ஒருங்கே அமையுமிடத்திலேதான் பரிந்துரை பயனுடையதாகின்றது. வெளிவாரியாகப் பட்டப்படிப்பை மேற்கொண்ட என்போன்றோர்க்கு நூற்பட்டியலே ஆசானாக நின்றது. பட்டியலில் உள்ளதைப் படிப்போம். இல்லாததை விடுத்துச் செல்வோம். பட்டம் பெற்ற பின்னரே, எவரும் விதிக்காத நூலைத் தாமாகத் தேடிப் படிப்பதன் சுவை புலனாகின்றது. அவ்வாறு அண்மையில் யான் வாசித்த நாவல் ஒன்றையும், கண்ட திரைப்படம் ஒன்றையும், கேட்ட நாடக இசை ஒன்றையும் இம்மலரின் வாயிலாக ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

இம்மூன்றும் சிங்கள மொழியிற் பிறந்தவை. இந்துக் கல்லூரி ஒன்றின் மலரில் இவற்றைப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். நம் மாணாக்கர் இன்று சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்கின்றனர். எழுத்தறிகின்றனர், பெயரும் வினையும் அறிகின்றனர், கடையிற் பேசவும் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதவும் பயில்கின்றனர். ஆயின் அம்மொழி பேசும் மக்கள் எதனை எண்ணி அழுதனர், எதனை எண்ணிச் செருக்குற்றனர் என்பதை அறியும் வாயில் அவர்க்குத் திறக்கப்படவில்லை. இலக்கியத்தை விடுத்து ஒரு மொழியைக் கற்பது, ஓர் ஊரின் பெயர்ப்பலகையை மட்டும் வாசித்துவிட்டு அவ்வூரைக் கண்டேன் என்பதை ஒக்கும். நெடும்போர் ஒன்றைக் கடந்து வந்த இந்நாட்டில் இக்குறை சிறிய குறையன்று.

முதலாவது, மார்ட்டின் விக்கிரமசிங்க (1890–1976) எழுதிய ‘கம்பெரலிய’ என்னும் நாவல். 1944 ஆம் ஆண்டில் வெளிவந்த இது, ‘யுகாந்தய’ (1949), ‘கலியுகய’ (1957) என்பவற்றோடு சேர்ந்து தலைமுறைகளின் கதையாய்த் தொடர்கின்றது. கதையொழுங்கில் நடுவே நிற்பது ‘கலியுகய’. எழுதப்பட்ட ஒழுங்கிலோ அது இறுதியானது. ‘கம்பெரலிய’வைத் தமிழிற் பெயர்த்துதவியவர் இசுலாமியத் தமிழிலக்கிய ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற எம். எம். உவைஸ் அவர்கள். ‘கிராமப் பிறழ்வு’ என்பது அவர் இட்ட பெயர்.

இப்பெயரைச் சிறிது நோக்குதல் நன்று. ‘கம’ என்பது ஊர்; ‘பெரலிய’ என்பது புரளுதல், தலைகீழாதல். தமிழிற் பிறழ்தல் என்பது நிலைபெயர்தல், முறைமாறுதல் என்னும் பொருள்களைத் தரும். ஒலியாலும் மூலத்துக்கு அணித்தாய் நிற்கும் இச்சொல்லைத் தெரிந்தெடுத்தமை பாராட்டத்தக்கது. ஆயினும் பிறழ்வு என்னும் சொல்லில், ஒழுங்கினின்று வழுவியது என்ற குறிப்பு உள்ளுறைந்து கிடக்கின்றது. மூலப்பெயரோ ஊர் புரண்டது என்று மட்டுமே கூறுகின்றது. புரண்டது தீதா நன்றா எனத் தீர்ப்பளிக்கவில்லை. இவ்வேறுபாடு நுண்ணியதெனத் தோன்றினும் நாவலின் உயிர்நிலை இதிலேயே தங்கியுள்ளது.

கதை தென்னிலங்கைக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் நிகழ்கின்றது. கைசாருவத்தே முகாந்திரம் அவ்வூரின் பெரிய வீட்டுக்குத் தலைவர். மனைவி மாத்தறை ஹாமினே. மக்கள் அனுலா, நந்தா என்னும் பெண்கள் இருவரும் திஸ்ஸ என்னும் மகனும். நந்தாவுக்கு ஆங்கிலங் கற்பிக்க வரும் பியல் என்னும் இளைஞன் அவள்மீது காதல் கொள்கின்றான். குடிமதிப்பில் அவன் தாழ்ந்தவன் என்று பெரிய வீடு அவனை மறுக்கின்றது. நந்தாவைக் குலப்பெருமையன்றி வேறு திறன் இல்லாத ஜினதாசவுக்கு மணஞ்செய்து வைக்கின்றனர். பிறந்த குழவி இறக்கின்றது, செல்வம் தேய்கின்றது, பொருள் தேடித் தொலைவிடஞ் சென்ற ஜினதாச மீளவில்லை. இதற்கிடையிற் கொழும்பில் வணிகத்தால் உயர்ந்த பியல், ஜினதாச இறந்தான் என்ற செய்தி வந்தபின் நந்தாவை மணக்கின்றான். ஆயின் இறந்தான் எனக் கருதப்பட்டவன் உண்மையில் இறந்தது அதன் பின்னரே என்பது தெரியவரும்போது, அவ்விருவர் நெஞ்சிலும் எழும் போராட்டமே கதையின் முடிவுப் பகுதியாகின்றது.

சுருக்கிக் கூறுமிடத்து இது வழக்கமான காதற்கதை போலத் தோன்றலாம். ஆசிரியரின் ஆற்றல் கதைப் பின்னலில் இல்லை. எவரையும் கொடியவர் ஆக்காமையிலேயே அது விளங்குகின்றது. முகாந்திரம் குடிப்பெருமை பேசுபவர். எனினும் ஊரவர் துன்பத்தை அறிந்தவர். வருவாய் குறைந்த பின்னரும் வாழ்முறையைக் குறைக்க அறியாது கடனில் அமிழ்கின்றார். ஜினதாச கையாலாகாதவன், ஆயினும் தன் இயலாமையை உணர்ந்து நாணுபவன். பியலோ இவ்வனைவரினும் சிக்கலான படைப்பு. தன்னைப் புறக்கணித்த வீட்டைத் தன் பொருளால் வென்றவன் அவன். ஆனால் வென்றபின்னும் அவ்வீட்டின் மதிப்பையே வேண்டி நிற்கின்றான். பழைய ஒழுங்கை உடைப்பவனே அதன் பெருமைக்கு ஏங்குபவனாகவும் இருக்கின்றான் என்ற உண்மையை ஆசிரியர் உரத்துக் கூறாது உணர்த்துகின்றார். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தால் மாடி எழுப்பி, அம்மாடியின் முகப்பில் பழைய நாற்சார் வீட்டின் தூண்களைப் போலச் சீமெந்துத் தூண்கள் நிறுத்தும் நம்மவர் நெஞ்சத்தை அறிய விரும்புவோர் பியலைப் படித்தல் வேண்டும்.

நாவலின் பின்புலத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. விக்கிரமசிங்கவின் பிறந்தகம் காலிக்குத் தென்கிழக்கேயுள்ள கொக்கல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 ஆம் ஆண்டில், பிரித்தானிய வான்படைத் தளம் ஒன்றை அமைப்பதற்காக அவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. ஆசிரியர் பிறந்த வீடு மட்டும் தப்பி நின்றது. இன்று அது நாட்டார் கலை அருங்காட்சியகத்தோடு கூடிய நினைவகமாய் விளங்குகின்றது. ஊர் மெல்ல மெல்லப் புரள்வதைக் கூறும் நாவல், ஊரே பெயர்க்கப்பட்ட பின் இரண்டாம் ஆண்டில் அச்சேறியது என்பதை எண்ணும்போது, அதிற் காணும் திண்ணையும் முற்றமும் பலாமரமும் வேறொரு பொருள் பெறுகின்றன. 1990 இல் இடம்பெயர்ந்து, தம் ஊரைக் கம்பிவேலிக்கு அப்பால் வைத்து நெடுங்காலம் நோக்கிய வலிகாமம் வடக்கு மக்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். திரும்பிச் சென்றோர் பலர் கண்டவை கிணற்றுக்கட்டும் மதிற்றுண்டும் மட்டுமே. காரணங்கள் வேறு; காலமும் வேறு; இரண்டையும் ஒன்றெனல் பொருந்தாது. எனினும் இழந்த ஊரைச் சொல்லால் மீளக் கட்டும் முயற்சி இன்னதென்பதை அப்பிள்ளைகள் இந்நாவலிற் காண்பர். தென்பகுதிக்குக் கல்விச்சுற்றுலாச் செல்லும் நம் பேருந்துகள் கொக்கலவைக் கடந்தே மாத்தறைக்குச் செல்கின்றன. அவ்விடத்தில் ஒரு மணிநேரம் நிறுத்துதல் அரிய செயலன்று.

நாவலின் குறையையும் கூறுதல் கடன். பெரிய வீட்டின் கண்கொண்டே ஆசிரியர் ஊரை நோக்குகின்றார். அவ்வீட்டின் அடுக்களையில் உழைத்தோர், தோப்பிலே தேங்காய் பறித்தோர், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோர் கதையின் விளிம்பிலேயே நிற்கின்றனர். பெரிய வீடு சரிந்தபோது அவர் வாழ்வு என்னவாயிற்று என்பதை நாம் அறியோம். இவ்விடத்திலே நம்மவரான கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நினைவுக்கு வருகின்றது. விக்கிரமசிங்க வீட்டின் உள்ளேயிருந்து படலையை நோக்கினார். டானியல் படலைக்கு வெளியே நின்று வீட்டை நோக்கினார். முன்னவரிடத்து இரக்கம் மிகுதி, சினம் குறைவு. பின்னவரிடத்துச் சினம் மிகுதி. சினம் மிகுந்த இடத்துச் சில பாத்திரங்கள் கருத்தின் கருவியாகிவிடுதலும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவனே இலங்கைச் சிற்றூரின் முழு வடிவையும் காண்பான். உயர்வகுப்பு மாணவர் மன்றத்தில் இவ்விரு நூல்களையும் ஒப்பிட்டு ஒரு விவாதம் நடத்தினால், பாடநூற் பயிற்சி பல தாராத பயனை அது தரும்.

இரண்டாவது, இந்நாவலைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் (1919–2018) இயக்கி 1963 இல் வெளியிட்ட திரைப்படம். இதன் சிறப்பை உணர்தற்கு அதற்கு முந்திய நிலையை அறிதல் வேண்டும். முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது எடுக்கப்பட்ட இடம் மதுரைக் கலைக்கூடம். அதன் பின்னரும் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்தியப் படங்களின் நிழலாகவே இருந்தன. தீட்டிய திரைச்சீலையும், இரவல் மெட்டும், இடையிடையே ஆடலும் இன்றிப் படம் இல்லை என்பது வழக்கு. அவ்வழக்கை 1956 இல் ‘ரேகாவ’ என்னும் படத்தால் அசைத்த பீரிஸ், ‘கம்பெரலிய’வில் முற்றாக நீக்கினார். கலைக்கூடத்தை விடுத்து உண்மையான வீட்டிலும் வெளியிலுமே படம் முழுதும் எடுக்கப்பட்டது. ஆடலுமில்லை, இடைச்செருகிய பாடலுமில்லை. 1965 இல் புதுதில்லியில் நிகழ்ந்த அனைத்துலகத் திரைப்பட விழாவில் இப்படம் தங்கமயில் விருது பெற்றது.

திரைக்கதை எழுதியவர் திறனாய்வாளர் றெஜி சிறிவர்தன. நாவலில் ஆசிரியர் பாத்திரங்களின் உள்ளத்தைப் பல இடங்களில் விரித்துரைக்கின்றார். அவ்விளக்கங்களைத் திரைக்கதை அகற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் மௌனத்தை வைத்தது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டைத் தனி இயலில் வகுத்தார். உள்ளத்து நிகழ்வது உடலின்வழிப் புலனாதலே மெய்ப்பாடு. அவ்வியலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இப்படத்தினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. புண்ணியா ஹீன்தெனிய நந்தாவாகவும், ஹென்றி ஜயசேன பியலாகவும், காமினி பொன்சேகா ஜினதாசவாகவும் நடித்துள்ளனர். பின்னாளில் வீரச்செயல் புரியும் நாயகனாய்ப் பெரும்புகழ் பெற்ற காமினி பொன்சேகா, ஈண்டு தோல்வியுற்ற கணவனாய்த் தோள் தளர்ந்து நிற்கும் நிலை உள்ளத்தை உருக்குவது. நந்தாவின் முகத்திற் பெருமிதமும் இளிவரலும் ஒரே கணத்தில் மாறிமாறித் தோன்றுகின்றன. அவள் வாய் திறந்து கூறும் சொற்களோ மிகச் சில.

டபிள்யூ. டி. அமரதேவ அமைத்த இசை காட்சியின் முன்னே ஓடாது பின்னே நடக்கின்றது. வில்லியம் பிளேக்கின் ஒளிப்பதிவு கறுப்பு வெள்ளையில் அமைந்தது. பெரிய வீட்டின் உள்ளறை இருளும் முற்றத்து வெயிலும் அவரது படப்பெட்டியில் எதிரெதிர் உலகங்களாகின்றன. ஆயினும் நாவலில் ஆண்டுகளாய் நீளும் காத்திருப்பு, இரண்டு மணிக்குட்பட்ட படத்தில் அடங்கவேண்டியிருத்தலின், காலத்தின் பாரம் முழுதும் நம்மீது இறங்குவதில்லை. வறுமை ஒரு வீட்டை ஓர் இரவில் வீழ்த்துவதில்லை. ஆண்டுதோறும் ஓர் ஓடாகக் கழற்றுகின்றது. அதனைச் சொல்ல நாவலே தக்க வடிவம். எனவே படம் நாவலுக்கு ஈடன்று, துணை. நாவலை முன்னர்ப் படித்துப் படத்தைப் பின்னர்க் காண்போர் இரண்டினாலும் பயன்பெறுவர்.

மூன்றாவது, எதிரிவீர சரச்சந்திர (1914–1996) ஆக்கிய ‘மனமே’ நாடகத்தின் பாடல்கள். 1956 நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் முதன்முதல் மேடையேறிய இந்நாடகத்தை யான் ஒலிப்பதிவாகவே கேட்டேன். என் சிங்கள அறிவு சிறிது. பாடற்பொருளை நண்பர் ஒருவர் துணையோடு அறிந்தேன். ஆயினும் முதற்கேள்வியிலேயே என் செவிக்கு இவ்விசை அயலதாகத் தோன்றவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சரச்சந்திர தம் நாடகத்துக்கு அடிப்படையாகக் கொண்டது ‘நாடகம்’ என்றே சிங்களத்தில் வழங்கும் பழைய கூத்துவகை. கரையோரக் கத்தோலிக்க மக்களிடையே பெரிதும் பயின்ற இவ்வடிவம் தமிழ்க் கூத்தினின்றும் பிறந்தது. சிந்து, இன்னிசை என்னும் பாவகைப் பெயர்கள் அங்கே சிங்கள ஒலியுடன் இன்றும் வாழ்கின்றன, மத்தளமும் அவ்வாறே. சாள்ஸ் சில்வா குணசிங்க என்னும் மூத்த அண்ணாவியாரின் துணைகொண்டு அம்மரபைப் பல்கலைக்கழக மாணவர்க்குப் பயிற்றினார் சரச்சந்திர. 1955 இல் யப்பானிற் கண்ட நோ, கபுகி அரங்கங்கள், பழமரபை இழிவென ஒதுக்காது புதுக்கலாம் என்ற துணிவை அவர்க்கு ஊட்டின.

இத்துணிவு மீண்டும் நம்மிடம் வந்தது. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் (1924–1989) தமிழ்க் கூத்தை ஊர்க் களரியிலிருந்து பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’ மேடையேறிற்று; தொடர்ந்து வந்த ‘இராவணேசன்’ சி. மௌனகுருவின் ஆக்கத்தாலும் ஆட்டத்தாலும் புகழ்பெற்றது. தமிழ்க் கூத்துச் சிங்கள நாடகமாகி, அந்நாடகத்தின் வெற்றி தமிழ்க் கூத்துக்குப் புத்துயிர் ஊட்டிய இவ்வரலாறு, கடனும் கடன்மீட்பும் போன்றது. இதில் வெட்கப்படத்தக்கது எவர்க்கும் இல்லை. மூலம் எங்களது என்று நாம் தருக்குவதும், அக்கடனை மறைக்க மற்றவர் முயல்வதும் ஒருங்கே பயனற்றவை.

‘மனமே’யின் கதை சாதகக் கதை ஒன்றினின்றும் எடுக்கப்பட்டது. குருவினிடத்து வில்வித்தை கற்ற இளவரசன், குருமகளை மணந்து காட்டுவழியே செல்கின்றான். எதிர்ப்பட்ட வேடர் தலைவனோடு போர் நிகழ்கின்றது. பழைய கதையில் அவள் வாளின் பிடியைப் பகைவன் கையில் கொடுத்துக் கணவனைக் கொல்விக்கின்றாள். பெண்ணின் வஞ்சகத்துக்கு அவள் ஓர் எடுத்துக்காட்டு. சரச்சந்திர அவ்வொரு கணத்தை ஐயத்துக்கு இடமாக்கினார். அவள் தயங்கினாளா, இரங்கினாளா, மயங்கினாளா என்பதைக் காண்போர் தீர்மானத்துக்கே விட்டார். ஒலிப்பதிவிலும் இதனை உணரலாம். போர்ப்பகுதியில் மத்தளம் விரைந்தோடுகின்றது. கைவிடப்பட்டவளின் பாடலில் அம்முழக்கம் அடங்கிப்போகக் குரலொன்றே தனித்து நிற்கின்றது. அவளைப் பழிக்கும் சொல் அக்குரலைக் கேட்டபின் எளிதில் நம் வாயில் வாராது.

ஈண்டு இம்மூன்று ஆக்கங்களையும் கோக்கும் இழை தெரியவருகின்றது. நந்தாவும் ‘மனமே’ இளவரசியும் இரு ஆடவர்க்கு நடுவே நிறுத்தப்பட்ட பெண்கள். குடிப்பெருமை ஒருத்தியின் வாழ்வை வகுத்தது. பழங்கதையின் தீர்ப்பு மற்றவள்மீது சுமத்தப்பட்டது. விக்கிரமசிங்கவும் பீரிசும் சரச்சந்திரவும் அவர்களுக்காக வழக்குரைக்கவுமில்லை, அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவுமில்லை. கேட்போரையும் காண்போரையும் சற்றுப் பொறுத்திருக்கச் செய்தனர். 1956 இல் ‘மனமே’யில் இளவரசி வேடம் பூண்டோருள் ஒருவரான திரிலீசியா குணவர்தனவே, ‘கம்பெரலிய’ திரைப்படத்தில் மணமாகாது பெரிய வீட்டிலேயே மூத்துப்போகும் அனுலாவாக நடித்தார் என்பது இங்கு நினைத்தற்குரியது. கோவலன் கொலையுண்ட கதையைக் கற்பிக்கும் நாம், கண்ணகியைப் போற்றுவதோடு அமையாது மாதவியையும் நின்று நோக்கச் செய்த இளங்கோவடிகளின் பெருந்தன்மையை மாணாக்கர்க்கு உணர்த்த விரும்பினால், அப்பெருந்தன்மை அயல்மொழிக் கலைஞரிடத்தும் இவ்வாறு விளங்குதலைக் காட்டலாம்.

தீர்ப்புக் கூறுமுன் பொறுத்திருத்தல் கலையின்பத்துக்கு மட்டும் உரிய பண்பன்று. அயலவர் நாவலைப் படிக்கும்போது அவர்தம் பாத்திரங்களுக்கு நாம் அளிக்கும் பொறுமையை, அயலவர்க்கு அளிக்கவும் அதனாற் பழகுகின்றோம். அவர்களும் நம் நூல்களை இவ்வாறே படிப்பார்களா என்று கேட்போர்க்கு விடை ஒன்றே. படித்தல் பண்டமாற்று அன்று. மற்றவர் படியாமை நாம் படியாதிருத்தற்கு நியாயமாகாது.

முடிவாகச் சில கூறி அமைகின்றேன். கதைச் சுவையில் நாட்டமுடைய மாணாக்கர் நாவலிலிருந்து தொடங்குக. தமிழும் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியர் ‘மனமே’ பாடல்களையும் நம் வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாடல்களையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து ஒலிக்கச்செய்து, மாணவர் தாமே ஒற்றுமை வேற்றுமை காணுமாறு விடுக. கொழும்பிலும் கடல்கடந்தும் வாழும் பழைய மாணவர், கல்லூரிக்கு எதனை உதவலாம் என வினவுங்கால், ‘கிராமப் பிறழ்வு’ நூலின் பிரதி ஒன்றையும் ‘கம்பெரலிய’ திரைப்படத்தின் நல்ல படி ஒன்றையும் தேடி நூலகத்துக்கு அனுப்புக. சுவரும் கூரையும் கட்டித்தரப் பலர் உளர். மாணவன் ஒருவன் மாலைவேளையில் எடுத்து விரிக்கும் நூலை வாங்கித் தருவோர் சிலரே. யான் இங்குக் கூறிய தீர்ப்புகளை எவரும் அப்படியே ஏற்றல் வேண்டா. நூலைப் படித்து, படத்தைக் கண்டு, இசையைக் கேட்டு, அதன்பின் என்னோடு மாறுபடுவோர் எழுதும் கட்டுரை அடுத்த மலரில் வெளிவருமாயின், அதுவே இக்கட்டுரையின் பயன் என்க.